முழங்கால் தேய்மானம்: பயிற்சியா, ஊசியா, ஆபரேஷனா?

அறுபதைத் தாண்டிய அம்மாவின் முழங்கால் எக்ஸ்-ரேயில் ‘கிரேடு 3’ என்று எழுதி வந்துவிட்டால் வீட்டில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வெளியூரில் இருக்கும் மகன் உடனே ஆபரேஷன் செய்துவிடலாம் என்பார். பக்கத்து வீட்டு அக்கா, தன் மாமியார் ஊசி போட்டுக்கொண்டே ஓடியாடுகிறார் என்பார். சித்தப்பா முடக்கத்தான் கீரையைத் தோசை மாவில் அரைத்துச் சேர்க்கச் சொல்வார். அம்மாவோ, ‘கத்தி வைத்தால் படுக்கையில் விழுந்துவிடுவேன்’ என்று ஒரே வரியில் பேச்சை முடித்துவிட்டு, மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவார்.

இந்த வழிகளை அருகருகே வைத்து எடைபோட்டுப் பார்த்ததில் நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பத்தக்க வழிகள் இரண்டுதான். ஒன்று, ஒழுங்காகச் செய்யப்படும் பயிற்சி. உடல் எடை கூடியிருந்தால் அதைக் குறைப்பதும் இதில் சேர்த்தி. இன்னொன்று, உரிய காலத்தில் செய்யப்படும் மூட்டு மாற்று. இரண்டுக்கும் நடுவில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை கொடுத்த காசுக்குப் பலன் தருவதில்லை. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். முதல் வழியை முழுதாக முயன்று பார்ப்பவர் குறைவு. நடுவில் உள்ளவற்றில் பணம் கரைகிறது. கடைசி வழிக்கு வந்து சேரும்போது கால் வில்லாக வளைந்து, தொடைத் தசை மெலிந்து போயிருக்கிறது.

முதலில், இது எந்த மூட்டு நோய்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மேலே படிப்பதில் அர்த்தமில்லை. இங்கே ஒப்பிடப்படும் எல்லாமே வயதோடு வரும் தேய்மானத்துக்கு உரியவை. முடக்குவாதத்துக்கு இவை பொருந்தாது. தேய்மானம் உள்ளவருக்குக் காலையில் எழுந்ததும் மூட்டு பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். நடந்தால் வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் அந்த இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இரண்டு கைகளிலும் மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் வீங்கும். ஓய்வெடுத்தாலும் வலி விடாது. அங்கே உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்குகிறது. அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளைச் சில மாதங்களுக்குள் தொடங்கியாக வேண்டும். தள்ளிப்போட்டால் கெட்ட மூட்டு திரும்பி வராது. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட வேண்டியது என்று தவறாக எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இரவில் திடீரென்று கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத வலி என்றால் அது யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மாதக் கணக்கில் நீடிக்கும் மூட்டு வலி தனி வகை. ஒரே மூட்டு மட்டும் கொதித்துச் சிவந்து, கூடவே காய்ச்சலும் இருந்தால் அதை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது; மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.

எக்ஸ்-ரேயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த கிரேடு கணக்கு 1957-இல் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இருவர் வகுத்தது. எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரங்களில் எலும்பு எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்லும். எவ்வளவு வலிக்கிறது என்பதைச் சொல்லாது. கிரேடு 4 காலோடு சந்தைக்குப் போய் வருபவர்கள் இருக்கிறார்கள்; கிரேடு 2-இல் மாடிப்படி ஏற முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘கிரேடு 4 வந்துவிட்டது, ஆபரேஷன்தான்’ என்று படத்தை மட்டும் பார்த்து யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுவிடுங்கள். படம் எடுப்பதென்றால் நின்றபடி எடுக்க வேண்டும். படுத்தபடி எடுத்தால் இடைவெளி உள்ளதைவிட நன்றாகத் தெரியும்.

பயிற்சி: யாரும் முழுதாகச் செய்து பார்க்காத மருந்து

தேய்ந்த மூட்டை மேலும் அசைத்தால் மேலும் தேயும் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது தவறு. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு மடங்கி நிமிரும்போது உள்ளே இருக்கும் திரவம் பிழிந்து ஊறுவதன் வழியாகத்தான் அதற்கு ஊட்டம் போகிறது. வலிக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடையின் முன்பக்கத் தசை சுருங்கும். உடல் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய தசை தளர்ந்தால் பாரம் முழுவதும் எலும்பின் மேல் விழும், வலி கூடும், இன்னும் உட்காரத் தோன்றும். இந்தச் சுழலை எந்த மாத்திரையும் உடைப்பதில்லை.

அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இயன்முறை சிகிச்சையும் மற்றதற்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் கொடுத்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டு கழித்து வலியிலும் நடமாட்டத்திலும் பயிற்சிப் பிரிவினரே தெளிவாக முந்தியிருந்தார்கள். டென்மார்க்கில் 2013-இல் தொடங்கிய ‘கிளாட்’ என்ற திட்டம் முழங்கால், இடுப்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு மேற்பார்வையோடு பயிற்சி தருகிறது. அது பிறகு பல நாடுகளுக்கும் பரவியது. இங்கிலாந்தின் 2022 வழிகாட்டுதல் தேய்மானம் உள்ள எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பதும் பயிற்சியைத்தான்.

நம் ஊரில் இது ஏன் தோற்கிறது? மருத்துவர் ‘பிசியோதெரபி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதுகிறார். போனால் ஒரு பெட்டியிலிருந்து வரும் ஒயர்களை முழங்காலில் ஒட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் விர்ரென்று மின்சாரம் பாய்ச்சி, வெந்நீர்ப் பையால் ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சுகமாக இருக்கும், தசை வளராது. ஒரு வாரம் அப்படிப் போய்விட்டு ‘பிசியோ பார்த்தோம், சரிப்படவில்லை’ என்று கணக்கை மூடிவிடுகிறோம். வேலை செய்ய வேண்டியது உங்கள் தசை. இயன்முறை மருத்துவரிடம் கேட்டுக் கற்க வேண்டியவை இவை: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துவது, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்துவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, தாழ்வான படி ஒன்றில் ஏறி இறங்குவது. எளிதாகிவிட்டால் காலில் எடை கட்டியோ எண்ணிக்கையைக் கூட்டியோ கடினமாக்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது செய்ய வேண்டும். பலன் தெரிய ஆறு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஆகும்.

பூங்காக்களில் எட்டு வடிவத்தில் நடப்பவர்களைப் பார்க்கிறேன். நடை நல்லதுதான், நிறுத்த வேண்டாம். ஆனால் நடை மட்டும் தொடைத் தசையைப் போதுமான அளவு வலுவாக்காது. ‘தினமும் நடக்கிறேனே’ என்பது நாற்காலிப் பயிற்சிக்கு மாற்றில்லை.

செய்யும்போது வலித்தால்? கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு ஐந்து அளவுக்குள் இருந்து, மறுநாளைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் தொடரலாம். மறுநாளும் வீங்கியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்தத் தேவையில்லை. இந்த ஒரு விதி தெரியாததால்தான் பாதிப் பேர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். வெளியே போக முடியாத முதியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

எடையைப் பற்றிச் சொன்னால் பெரும்பாலோர் முகம் சுளிக்கிறார்கள். ‘நடக்கவே முடியவில்லை, எப்படிக் குறைப்பது?’ நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு நம் பக்கம் இருக்கிறது. உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மீது விழும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. எடை கூடிய 454 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்கள் பதினெட்டு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள். அவர்களின் வலி பாதியளவுக்கு இறங்கியது. நடக்காமலும் எடையைக் குறைக்கலாம். பெரும்பங்கு தட்டில்தான் இருக்கிறது. அரிசியையும் இனிப்பையும் குறைத்து, பருப்பு, முட்டை, மீன் போன்ற புரதத்தைக் கூட்டுவது தசைக்கும் உதவும்.

உடல் பருமன் அதிகம் உள்ளவர்களுக்கு இப்போது செமாகுளூடைடு ஊசியும் ஒரு வழி. தேய்மானமும் பருமனும் சேர்ந்த 407 பேரிடம் 68 வாரம் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் போலி ஊசி பெற்றவர்களைவிட நன்றாக இறங்கியது. விலை, குமட்டல், நிறுத்தினால் எடை திரும்ப ஏறுவது ஆகியவை அதன் குறைகள். வயதானவர்கள் பயிற்சியும் புரதமும் இல்லாமல் இதை மட்டும் போட்டுக்கொண்டால் கொழுப்போடு தசையும் கரையும். முழங்காலுக்கு அது நல்லதல்ல.

கைத்தடியைச் சேர்க்காமல் இந்தப் பகுதியை முடிக்க மனமில்லை. வலது கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இந்தியக் கழிப்பறையின் மேல் போடும் நாற்காலி, சுவரில் ஒரு கைப்பிடி, சமையலறையில் உயரமான முக்காலி ஆகியவை ஒரு ஊசியின் விலைக்குள் அடங்கிவிடும். ‘இந்த வயதிலேயே தடியா?’ என்ற வெட்கம்தான் இவற்றுக்குத் தடை.

வலி மாத்திரை: எது, எவ்வளவு நாள்

மாத்திரை தேய்மானத்தைக் குணமாக்காது. பயிற்சி செய்யும் அளவுக்கு வலியை அடக்கித் தருவதே அதன் வேலை. டைக்ளோஃபினாக் போன்ற களிம்பைத்தான் முதலில் முயல வேண்டும். முழங்கால் தோலுக்கு அருகிலேயே இருக்கும் மூட்டு என்பதால் மருந்து உள்ளே இறங்கும். ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. எப்போதாவது தேய்த்தால் போதாது. சொன்ன அளவில், நாளுக்குச் சில முறை, இரண்டு வாரமாவது தடவிப் பார்த்த பிறகு முடிவு சொல்ல வேண்டும்.

பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று எல்லோரும் அதைத்தான் கையில் எடுப்பார்கள். தேய்மான வலிக்கு அது பெரிதாக உதவுவதில்லை என்பது இப்போது தெளிவு. இங்கிலாந்து வழிகாட்டுதல் அதை வழக்கமாகக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஈடோரிகாக்சிப் போன்ற வீக்கம் தணிக்கும் மாத்திரைகள் நிச்சயம் கேட்கும். சிக்கலும் அங்கேதான். வயிற்றுப் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் என்று நான்கு பக்கமும் அவை கைவைக்கும். அறுபது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவர் இதை மாதக் கணக்கில் சாப்பிடுவது முழங்காலைக் காப்பாற்றச் சிறுநீரகத்தை அடகு வைப்பது போலத்தான். இதே வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப், மாரடைப்பை அதிகரிக்கிறது என்று தெரிந்து 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே விலக்கப்பட்டது. வலி கூடிய சில நாள்களுக்கு, மருத்துவர் சொன்ன அளவில், வயிற்றுக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு எடுக்கலாம். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கித் தொடர்வது வேறு கதை.

‘ஜவ்வு வளர’ என்று எழுதித் தரும் குளூக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் விஷயத்தில் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். 1,583 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மொத்தத்தில் வெற்று மாத்திரையைவிட அவை மேலாக இல்லை. ஜவ்வு எதுவும் வளர்வதில்லை. சைவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று: பெரும்பாலான குளூக்கோசமைன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுகிறது.

முடக்கத்தான் கீரைக்கு வருவோம். மூட்டுவலிக்கென்று சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்கும் மூலிகை அது. தோசையில் சேர்ப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை, சாப்பிடலாம். தேய்ந்த மூட்டுக்கு அது மட்டும் போதும் என்று சொல்லுமளவுக்குப் பெரிய ஆய்வு கிடையாது. எனக்கு அச்சம் கீரையைப் பற்றி இல்லை. பெயரில்லாத பொட்டலத்தில் வரும் பொடியைப் பற்றித்தான். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது, பசி கூடியது, முகம் உப்பியது என்றால் அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், பொட்டலத்தோடு மருத்துவரிடம் போக வேண்டும். முறைப்படி பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அந்த முறையை நம்புபவர் அவர்களிடம் போவதே சரி.

ஊசிகள்

மூன்று வகை ஊசிகள் புழக்கத்தில் இருக்கின்றன. மூன்றுக்கும் தரம் ஒன்றல்ல.

ஸ்டீராய்டு ஊசி மலிவானது, நேர்மையானது. சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும், அதற்கு மேல் ஒன்றும் தருவதில்லை. முழங்கால் நீர் கோத்து வீங்கி, பயிற்சியே செய்ய முடியாத நிலையில் ஒருமுறை போட்டுக்கொள்வதில் தவறில்லை. மகள் கல்யாணத்துக்கு நின்றாக வேண்டும் என்பதற்காகப் போட்டுக்கொள்பவர்களையும் குறை சொல்ல மாட்டேன். திரும்பத் திரும்பப் போடுவதுதான் பிரச்சினை. இரண்டு ஆண்டுகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் போட்டுப் பார்த்த 2017 ஆய்வில், உப்பு நீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. வலியில் வேறுபாடு இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி போட்ட சில நாள்கள் சர்க்கரை எகிறும். மூட்டு மாற்று செய்யும் எண்ணம் இருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் இந்த ஊசி கூடாது, கிருமித் தொற்று அபாயம் கூடும்.

‘ஜெல் ஊசி’ என்று சொல்லப்படும் ஹையலூரானிக் அமிலம் மூட்டுக்கு எண்ணெய் விடுவது என்று விளக்கப்படுகிறது. சில வகைகள் சேவலின் கொண்டையிலிருந்து எடுக்கப்பட்டவை. விளக்கம் அழகாக இருக்கிறது. விலையும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தால் போலி ஊசியைவிட அது தரும் கூடுதல் பலன், நோயாளி உணரும் அளவுக்கு இல்லை. இங்கிலாந்து வழிகாட்டுதல் இதைக் கொடுக்கவே கூடாது என்று நேரடியாகச் சொல்கிறது.

பி.ஆர்.பி. இப்போதைய மோகம். உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து மூட்டுக்குள் செலுத்துகிறார்கள். ‘உங்கள் ரத்தமே உங்களுக்கு மருந்து’ என்ற பேச்சு யாரையும் கவரும். பயன் உண்டு என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம், யாருக்கு எது போகிறது என்று தெரியாதபடி நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் பி.ஆர்.பி.யும் உப்பு நீரும் வலியைக் குறைப்பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. குருத்தெலும்பு கரைவதையும் அது தடுக்கவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், உப்பு நீர் பெற்றவர்களுக்கும் வலி கணிசமாகக் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமியாரின் அனுபவம் பொய்யில்லை. ஊசி போட்டபின் அவர் நலமானார் என்பது உண்மை. ஊசியால்தான் நலமானாரா என்பதை அந்த ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ஸ்டெம் செல் ஊசி என்று இதைவிடப் பல மடங்கு கட்டணம் கேட்பவர்களிடமிருந்து விலகியே இருங்கள்.

துளைபோட்டுச் சரிசெய்வது

ஆர்த்ராஸ்கோப்பி எனப்படும் இதில் முழங்காலில் சிறு துளையிட்டு, கேமராவை நுழைத்து, உள்ளே கழுவி, பிசிறுகளை வெட்டி எடுப்பார்கள். விளையாட்டில் அடிபட்ட இளைஞரின் முழங்காலுக்கு இது அருமையான சிகிச்சை. தேய்மானத்துக்கு அப்படியில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் 180 பேரில் சிலருக்கு உண்மையான சிகிச்சையும், சிலருக்குத் தோலில் கீறித் தையல் போட்டு நாடகமும் நடத்தினார்கள். 2002-இல் முடிவு வந்தது: இரண்டுக்கும் வித்தியாசமில்லை. வயதால் நைந்து கிழிந்த ஜவ்வை (இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போல இருப்பது) வெட்டுவதைப் பற்றிப் பின்லாந்தில் இதே பாணியில் நடந்த ஆய்வும் 2013-இல் அதையே சொன்னது. ஐம்பதைத் தாண்டியவருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஜவ்வுக் கிழிசல் தெரிவது சாதாரணம். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். ‘கிழிந்திருக்கிறது, தைத்துவிடலாம்’ என்றதும் பதற வேண்டியதில்லை. முழங்கால் நடுவில் சிக்கிக்கொண்டு நிமிர்த்தவே முடியாமல் போவது மட்டும் விதிவிலக்கு.

மூட்டு மாற்று: எப்போது, யாருக்கு

டென்மார்க்கில் மூட்டு மாற்றுக்குத் தகுதியான 100 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் பன்னிரண்டு வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை, மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் அதற்கு முன் மூட்டு மாற்றும். 2015-இல் வெளிவந்த முடிவை இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாக மேற்கோள் காட்டலாம். ஓராண்டில் ஆபரேஷன் செய்தவர்களின் முன்னேற்றம் மற்றவர்களைப் போல இரு மடங்கு. அதேசமயம் ரத்தக் கட்டு, மூட்டு விறைப்பு போன்ற கடுமையான சிக்கல்களும் அவர்களிடம் பல மடங்கு. பயிற்சி மட்டும் பெற்ற 50 பேரில் அந்த ஆண்டுக்குள் ஆபரேஷன் கேட்டு வந்தவர்கள் 13 பேர்தான்.

நான் இதை இப்படிப் படிக்கிறேன்: ஆபரேஷன் வலிமையான சிகிச்சை, ஆனால் அவசர சிகிச்சை இல்லை. மூன்று மாதம் உண்மையாகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுப்பதால் எதுவும் கைவிட்டுப் போகாது. ஆபரேஷன் செய்தே தீர வேண்டியிருந்தாலும் அந்தப் பயிற்சி வீணில்லை, வலுவான தொடையோடு போனவர் சீக்கிரம் எழுந்து நடப்பார்.

தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. இரவில் வலி தூக்கத்தைக் கலைக்கிறது, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடக்க வேண்டியிருக்கிறது, கால் வெளிப்பக்கமாக வளைந்துகொண்டே போகிறது, முழங்கால் முழுதாக நீளவில்லை, மாத்திரை இல்லாமல் ஒரு நாள்கூட ஓடவில்லை. இவை சேர்ந்துவிட்டால் இன்னொரு ஜெல் ஊசிக்குச் செலவழிப்பது காலத்தை வீணாக்குவது. ‘இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவோம்’ என்று எண்பது வயது வரை இழுத்தால், அப்போது முழங்காலைவிட இதயம்தான் மயக்க மருத்துவரின் கவலையாக இருக்கும்.

மறுபுறம் ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவர் அவசரப்படக்கூடாது. செயற்கை மூட்டில் நூற்றில் 82 சுமார் 25 ஆண்டு தாங்குகிறது என்பது பல நாட்டுப் பதிவுகளைத் திரட்டிய 2019 கணக்கு. ஆனால் எழுபதைத் தாண்டிச் செய்துகொள்பவருக்கு வாழ்நாளில் மறுபடி ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு நூற்றில் ஐந்துதான் என்றால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆணுக்கு அது 35 வரை போகிறது என்று பிரிட்டன் கணக்கு சொல்கிறது. இரண்டாம் ஆபரேஷன் முதலாவதைப் போல எளிதல்ல. இளையவருக்குக் கால் வளைந்து உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் மேற்பகுதியை வெட்டி நேராக்கிப் பாரத்தை நல்ல பக்கத்துக்கு மாற்றும் சிகிச்சை உண்டு. சொந்த மூட்டு தப்பிக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து தசைநார்கள் நன்றாக இருந்தால் பாதி மூட்டை மட்டும் மாற்றலாம். பிரிட்டனில் 528 பேரை ஐந்தாண்டு பார்த்ததில் பாதி மாற்றும் முழு மாற்றும் சமமாகவே பலன் தந்தன. பாதி மாற்றில் குணமாவது வேகம். ஆனால் நெடுங்காலத்தில் மறுபடி செய்ய வேண்டி வரும் வாய்ப்பு அதிகம். அதை அடிக்கடி செய்து பழகிய மருத்துவர் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

எதிர்பார்ப்பு சரியாக இல்லாவிட்டால் நல்ல ஆபரேஷனும் ஏமாற்றும். ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி இல்லை என்கிறார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத் தொற்று வருகிறது; சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, புகையை நிறுத்தி, பல்லில் சீழ் இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுப் போனால் அந்த அபாயம் குறையும். அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். முதல் ஆறு வாரம் வலியோடுதான் காலை மடக்கிப் பழக வேண்டியிருக்கும்; முழுப் பலனுக்கு ஓராண்டு ஆகலாம். பிறகு கடைக்கும் கோயிலுக்கும் வலியில்லாமல் நடக்கலாம், படி ஏறலாம். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குத்துக்காலிட்டுக் கோலம் போடுவதும் பெரும்பாலோருக்கு வசப்படாது, மருத்துவர்களும் வேண்டாம் என்பார்கள். ‘நம் ஊர் வாழ்க்கைக்கேற்ற, அதிகம் மடங்கும் மூட்டு’ என்று கூடுதல் விலைக்கு விற்பதையோ, ரோபோ செய்வதால் மேலானது என்பதையோ கேட்டு மயங்க வேண்டாம். ரோபோ வெட்டை இன்னும் துல்லியமாக்குகிறது. நடப்பவருக்கு அதனால் நீண்டகால நன்மை உண்டு என்பது இதுவரை உறுதியாகவில்லை. கருவியைவிட, அந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை முழங்கால் செய்கிறார் என்று கேளுங்கள்.

செலவு. 2017 ஆகஸ்ட்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலுக்கு உச்ச விலை நிர்ணயித்தது. அதுவரை ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற, பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாயும் வரியும் என்று ஆனது. ஆக, இன்று பில் லட்சங்களில் வந்தால் பெரும்பகுதி மூட்டுக்காக இல்லை. அறை, ஆபரேஷன் தியேட்டர், மருத்துவர் கட்டணம் ஆகியவற்றுக்காக. மூட்டின் பெயரும் விலையும் தனி வரியாக எழுதிய பில் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மூட்டு மாற்று செய்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் ஒப்புதல் கிடைக்குமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். தனியார் காப்பீட்டில் பல பாலிசிகள் மூட்டு மாற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருக்க வைக்கின்றன. முழங்கால் லேசாக வலிக்கத் தொடங்கும்போதே பாலிசியின் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது நல்லது.

இரண்டு காலும் தேய்ந்திருந்தால் ஒரே நாளில் இரண்டையும் மாற்றுவதா என்ற கேள்வி கடைசியில் வரும். ஒரே மயக்கம், ஒரே மருத்துவமனை வாசம், பார்த்துக்கொள்ள வரும் மகளுக்கு ஒரே விடுப்பு என்பவை அதன் வசதி. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கூடுதல் பாரம் என்பது அதன் விலை. எழுபதைத் தாண்டியவர்களும் இதய நோய் உள்ளவர்களும் சில மாத இடைவெளியில் ஒவ்வொன்றாகச் செய்துகொள்வதே பாதுகாப்பு. அதிகம் வலிக்கும் காலை முதலில் செய்யச் சொல்லுங்கள். அது தேறி, பாரத்தைத் தாங்கத் தொடங்கிய பிறகு மற்றக் காலின் வலி சிலருக்குப் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டாவதை ஆண்டுக் கணக்கில் ஒத்திவைக்க முடிகிறது. ஒரே நாளில் இரண்டும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை.